ஊசி நடுவிலை நிக்குது எண்டு நம்பாதேங்கோ
வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (கோண்டாவிலிலை இருந்து ஒரு தம்பி): அண்ணை, என்ர கார் கொறோலா 121. போன ஞாயிறு நானே வீட்டிலை வச்சு கூலன்ற் (எஞ்சினை ஆத்துற தண்ணி) மாத்தினனான். றேடியேற்றருக்குக் கீழை இருக்கிற நட்டைத் திறந்து பழசை விட்டன், 4 லீற்றர் கான் ஒண்டு நிரம்பிச்சுது. புதுசு விடேக்கை 3 லீற்றரோடை வாய் மட்டும் வந்து நிண்டிட்டுது, சரி எண்டு மூடிட்டன். இப்ப ஸ்ராட் பண்ணினா டாஷ்போட்டுக்கு உள்ளாலை சளசள எண்டு தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, சூடு காட்டுற ஊசி ஒருக்கா மேலை போகுது, பேந்து தானா இறங்குது. ஓட ஓட சரிவரும் எண்டு நண்பன் சொல்லுறான். அடுத்த கிழமை கொழும்புக்குப் போகோணும், போகலாமோ?

பதில்: இப்ப இருக்கிற மாதிரியே வெளிக்கிடாதேங்கோ தம்பி. கோண்டாவிலிலை இருந்து ரவுணுக்குப் போய் வாறது ஒண்டு, ஏ9 றோட்டைப் பிடிச்சு 400 கிலோமீற்றர் கிட்ட ஓடுறது வேறை. நண்பன் சொன்னது முழுப்பிழை இல்லை, கொஞ்சக் காத்து எண்டா ரெண்டு மூண்டு நாள் ஓட்டத்திலை தானாக் கழண்டு றிசேவ் போத்தலுக்குள்ளாலை (றேடியேற்றருக்குப் பக்கத்திலை மேலதிகக் கூலன்ற் நிக்கிற போத்தல்) போயிடும், ஆனா உங்கட காருக்கை நிக்கிறது கொஞ்சக் காத்து இல்லை. கணக்கை நீங்களே எழுதியிருக்கிறியள், 4 லீற்றர் வெளியிலை வந்தது, 3 லீற்றர்தான் உள்ளுக்கை போனது, அப்ப மிச்சம் 1 லீற்றர் இடத்திலை காத்துத்தான் நிக்குது. வெளியிலை வந்ததை அளந்து வச்சது நல்ல வேலை, எல்லாரும் அப்பிடி அளந்தா எயர் லொக், அதுதான் உள்ளுக்கை காத்து அம்பிட்டு நிக்கிறது, அண்டைக்கே பிடிபட்டிடும்.

அந்தச் சளசள சத்தம் ஹீற்றரிலை இருந்து வாறது. டாஷ்போட்டுக்குப் பின்னாலை சின்ன றேடியேற்றர் மாதிரி ஒண்டு இருக்கு, எஞ்சின் தண்ணி அதுக்குள்ளாலையும் சுத்தி வரும், கன கார்களிலை அது உயரத்திலை இருக்கிறதாலை காத்து அங்கை போய்க் குந்தியிடும். எங்கட பக்கம் ஆரும் ஹீற்றர் போடுறேல்லை, அதாலை அப்பிடி ஒண்டு இருக்கிறதே கன பேருக்குத் தெரியாது.

தோட்டத்துக்கு இறைக்கிற மிசினை எல்லாரும் பாத்திருப்பியள். குழாய்க்குள்ளை காத்து நிண்டா மிசின் கத்திக்கொண்டு நிக்கும், ஒரு சொட்டுத் தண்ணி வராது, மேலாலை வாளித் தண்ணி விட்டு நிரப்பினாப் பிறகுதான் இழுக்கும். காரின்ர வோட்டர் பம்பும் அதே சாதிதான், சுத்துற தட்டாலை தண்ணியைத் தள்ளும், காத்தைத் தள்ள அதாலை ஏலாது. காத்து பம்பிலை வந்து நிண்டா சுத்தோட்டம் நிண்டு போம், எஞ்சின் ஹெட்டிலை (எஞ்சினின்ர மேல் பாகம்) போய் நிண்டா அந்த இடத்து உலோகத்திலை தண்ணி படாது, சூட்டைக் கொண்டுபோக வழியில்லாமல் அந்த ஒரு இடம் மட்டும் கொதிக்கும். இப்பத்தைக் கார்களிலை ஹெட் அலுமினியம், ஒரு பக்கம் மட்டும் சூடேறினா வளைஞ்சு போகும், வளைஞ்சா ஹெட்டுக்குக் கீழை கசியாமல் அடைக்கிற தகடு, ஹெட் கஸ்கெற், அதுவும் போச்சு.

ஊசிக்கு வருவம், இதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறனான். ஊசி எஞ்சின்ர சூட்டைக் காட்டேல்லை, சென்சர் தோய்ஞ்சு நிக்கிற தண்ணியின்ர சூட்டைத்தான் காட்டுது. சென்சரைச் சுத்திக் காத்து நிண்டா அதுக்குச் சூடு ஒழுங்காத் தெரியாது, எஞ்சின் கொதிக்கேக்கையும் ஊசி பேசாமல் கிடக்கும், திடீரெண்டு கொதிதண்ணியோ ஆவியோ சென்சரிலை வந்து பட்டா மேலை ஏறும், பேந்து இறங்கும். உங்கட ஊசி ஏறி இறங்கிறது அதாலைதான். ஏறி இறங்கிற ஊசியாவது உங்களுக்கு ஒரு எச்சரிக்கை தருது, அசையாமல் நடுவிலை நிக்கிற ஊசிதான் எனக்குக் கூடப் பயம்.

ஏனெண்டா எனக்கு இது நடந்தது. சில வருசத்துக்கு முதல் எங்கட வானுக்கு ஒரு கராஜிலை கூலன்ற் மாத்தினவை, அரை மணித்தியாலத்திலை வேலை முடிஞ்சுது எண்டு திறப்பைத் தந்திட்டினம், நானும் ஒண்டும் கேக்காமல் எடுத்துக்கொண்டு வந்திட்டன். மற்ற நாள் அம்மாவைக் கண் ஒப்பிறேசனுக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டம், முறிகண்டியிலை நிப்பாட்டி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினம், அப்ப ஊசி நடுவிலை. மாங்குளம் தாண்ட வான் இழுவை குறைஞ்சுது, ஊசி நடுவிலை. பொனற் இடுக்காலை ஆவி வரேக்கையும் ஊசி நடுவிலைதான். வேறை வாகனம் பிடிக்கும் வரைக்கும் அம்மா றோட்டுக்கரையிலை வெயிலுக்கை ஒரு மரத்துக்குக் கீழை இருந்தவ, ஒப்பிறேசன் நாளும் தவறிப் போச்சு. ஹெட்டைக் கழட்டிப் பாத்தா வளைஞ்சிருந்தது. கூட ஒரு மணித்தியாலம் மினக்கெட்டு எயர் எடுத்திருந்தா இவ்வளவும் வந்திராது.

இனி வேலைக்கு வருவம். காலமை, கார் ராத்திரி முழுக்க நிண்டு எஞ்சின் நல்லா ஆறியிருக்கேக்கை தொடங்குங்கோ. காத்து மேலை போற சாமான், அதாலை றேடியேற்றர் மூடி இருக்கிற இடம்தான் முழுத் தொகுதியிலையும் உயரமான இடமா இருக்கோணும். மலைநாட்டிலை எண்டா ஏத்தத்திலை முன்பக்கத்தை விட்டு நிப்பாட்டினாக் காணும், எங்கட யாழ்ப்பாணத்திலை ஏத்தத்துக்கு எங்கை போறது, ஜாக்கி வச்சு முன்பக்கத்தை உயத்தி ரெண்டு பக்கமும் ஸ்ராண்ட் குடுங்கோ, பின் ரயருக்குக் கட்டை வையுங்கோ. ஸ்ராண்ட் இல்லையெண்டு சீமெந்துக் கல்லை அடுக்கிறவையை நான் கண்டிருக்கிறன், தயவு செய்து வேண்டாம், பாரத்துக்கு அந்தக் கல்லு ஒரு செக்கனிலை நொருங்கும்.

திறப்பைப் போட்டு ஹீற்றரை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கோ, ஊதுறதைக் குறைச்சு வையுங்கோ, ஏசி வேண்டாம். வெக்கைக்கை என்ன விசர் வேலை எண்டு நினைப்பியள், ஆனா சில கார்களிலை அப்பிடித் திருப்பினாத்தான் ஹீற்றருக்குப் போற வால்வு திறக்கும், மற்றக் கார்களிலையும் கடைசியிலை சோதிக்க இது வேணும். பிறகு மூடியைக் கழட்டி, புனலை இறுக்கி வச்சு, கூலன்றை மெல்லிசா, நூல் மாதிரி விடுங்கோ. கடகடவெண்டு ஊத்தினா காத்து வெளியிலை வர இடமில்லாமல் கீழை அம்பிட்டுப் போகும், உங்கட 3 லீற்றரிலை நடந்தது அதுதான். விட விட றேடியேற்றரின்ர மேல் ஹோசையும் கீழ் ஹோசையும் கையாலை அமத்தி அமத்தி விடுங்கோ, குமிழ் குமிழா வரும், மட்டம் இறங்கும், திருப்பி விடுங்கோ. இந்த அமத்துற வேலையிலையே பாதிக் காத்து வந்திடும். சில காருக்கு, பழைய ஹொண்டா, சில நிசான், பேஜோ போலை, எயர் எடுக்க எண்டே தேர்மோஸ்ராற் (சூடேறினாத் திறந்து தண்ணியை றேடியேற்றர் வழியாலை ஓட விடுற வால்வு) பக்கத்திலையோ ஹோசிலையோ ஒரு நட்டு இருக்கும், இருந்தா அதைக் கொஞ்சம் தளத்தி, குமிழ் இல்லாமல் ஒரே ஓட்டமாத் தண்ணி வரும் வரைக்கும் விட்டிட்டு மூடுங்கோ, மூடேக்கை முழுப்பலத்தையும் காட்டாதேங்கோ, உடைஞ்சிடும்.

இப்ப மூடி போடாமல், புனல் இருந்தபடி, எஞ்சினை ஸ்ராட் பண்ணி சும்மா ஓட விடுங்கோ. ஜப்பான் கார்களிலை தேர்மோஸ்ராற் 82 டிகிரி அளவிலைதான் திறக்கத் தொடங்கும், அதுவரைக்கும் எஞ்சினுக்கை இருக்கிற காத்துக்கு றேடியேற்றர் பக்கம் வர நல்ல வழியில்லை, அதாலை 10, 15 நிமிசம் பொறுமையா நிக்கோணும். கன பேர் பிழை விடுறது இந்த இடத்திலைதான், ரெண்டு நிமிசம் ஓட விட்டிட்டு குமிழ் இல்லை எண்டு மூடிப் போடுவினம். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டும் சூடாகினா திறந்திட்டுது எண்டு அர்த்தம், அந்த நேரம் புனலிலை இருக்கிற கூலன்ற் குபுக்கெண்டு இறங்கும், கையோடை விடுங்கோ. பேந்து நிமிசத்துக்கு 2000, 2500 சுத்துக்கு ஆறுதலாக் கூட்டிக் கொஞ்சம் பிடிச்சு விடுங்கோ, பெரிய குமிழ் வரும். றேடியேற்றர் பான் தானாப் போட்டு தானா நிண்டு, ரெண்டாம் முறையும் போட்டு நிண்டு, குமிழ் இல்லாமல், ஹீற்றராலை நல்ல சுடுகாத்து வந்தா வேலை முடிஞ்சுது. ஹீற்றர் குளிராவோ, சூடும் குளிருமா மாறி மாறியோ ஊதினா இன்னும் காத்து நிக்குது. பான் சொல்லாமல் கொள்ளாமல் சுத்தும், சாரத்தோடை குனியாதேங்கோ, சின்னப்பிள்ளையள் கிட்ட வரக்கூடாது.

மூடியைப் போட்டு, றிசேவ் போத்தலை மேல்கோட்டு மட்டும் நிரப்பி, காரை இறக்கி, கொக்குவில் மட்டும் ஒரு ஓட்டம் போட்டு வாங்கோ. அண்டு ராத்திரி ஆற விடுங்கோ. ஆறேக்கை உள்ளுக்கை இழுவை வந்து றிசேவ் போத்தலிலை இருந்து கூலன்றை இழுக்கும், மற்ற நாள் காலமை போத்தல் மட்டம் இறங்கியிருந்தா பயப்பிடாதேங்கோ, காத்து போன இடத்துக்குக் கூலன்ற் போயிருக்குது, திருப்பி நிரப்புங்கோ. மூண்டு நாள் ஒண்டும் இறங்காமல் நிண்டாப் பிறகு கொழும்புக்கு வெளிக்கிடுங்கோ.

கேள்வி (பருத்தித்துறை, ஓய்வு பெற்ற ஆசிரியர்): நான் ஒஸ்ரின் ஏ40 வச்சிருந்தவன், மண்ணெண்ணெயிலையும் ஓடினனான். றேடியேற்றருக்கை தண்ணி விட்டா முடிஞ்சுது. இப்பத்தைக் காருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

பதில்: ஐயா, நல்ல கேள்வி. உங்கட ஏ40 இன்ர முன்பக்கத்தை நினைச்சுப் பாருங்கோ, உயரமான பொனற், அதுக்குள்ளை உயரமான றேடியேற்றர், மூடி எஞ்சினுக்கு மேலாலை நிக்கும், காத்து தன்ர பாட்டிலை மேலை வந்து மூடியடியிலை நிண்டு வெளியிலை போயிடும். இப்பத்தைக் காரின்ர மூஞ்சி பதிவு, றேடியேற்றரும் பதிஞ்சு போச்சு, ஹோஸ் ஏறி இறங்கி வளைஞ்சு ஹீற்றருக்கும் போகுது, ஒவ்வொரு வளைவும் காத்துக்கு ஒரு குந்து. மற்றது உங்கட ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் கொதிச்சாலும் தாங்கிச்சுது. யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடின எஞ்சினுகள் அதுகள், அந்த வாகனங்களை ஓட வச்ச மெக்கானிக்மாரின்ர கையை நான் இண்டைக்கும் கும்பிடுறனான்.

கேள்வி (மானிப்பாயிலை இருந்து ஒரு தங்கச்சி): அவர் வெளிநாட்டிலை, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தி இறக்கிறது நான்தான். என்ர சுசுகி வாகன்-ஆர் (Wagon R) காருக்கு கராஜிலை கூலன்ற் மாத்தினது. சரியாச் செய்தவையோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அதிலை ஊசியும் இல்லை.

பதில்: தங்கச்சி, உங்கட காரிலை ஊசிக்குப் பதிலா லைற், குளிரா இருக்கேக்கை நீலம், கூடக் கொதிச்சாச் சிவப்பு. சிவப்பு வந்தா உடனை ஓரமா நிப்பாட்டி எஞ்சினை நூருங்கோ, பள்ளிக்கூட மணி அடிச்சாலும் பறவாயில்லை. நீங்கள் செய்யக்கூடிய சோதினை மூண்டு இருக்கு, ஒரு ஸ்பானரும் தேவையில்லை. காலமை ஸ்ராட் பண்ண முதல் றிசேவ் போத்தலைப் பாருங்கோ, ரெண்டு கோட்டுக்கும் நடுவிலை நிக்கோணும், ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் பாருங்கோ. ஸ்ராட் பண்ணி முதல் ஒரு நிமிசம் றேடியோவை நிப்பாட்டிப் போட்டு தண்ணி ஓடுற சத்தம் கேக்குதோ எண்டு கேளுங்கோ. பிள்ளையளை இறக்கிப்போட்டு வரேக்கை, எஞ்சின் சூடான நேரம், ஏசியை நிப்பாட்டி ஹீற்றரைப் போடுங்கோ, ஒரே சீரான சுடுகாத்து வரோணும். மூண்டிலை ஒண்டு பிழைச்சாலும் கராஜுக்குக் கொண்டுபோய் "எயர் எடுத்தனீங்களோ, பான் எத்தினை தரம் போட்டது" எண்டு கேளுங்கோ. அந்த ரெண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்லத் தெரியாட்டி அவை எடுக்கேல்லை.

எஞ்சின் சூடா இருக்கேக்கை றேடியேற்றர் மூடியை மட்டும் ஒருநாளும் திறக்காதேங்கோ. மூடியிலை 0.9 அல்லது 1.1 எண்டு போட்டிருக்கும், அது அழுத்தம். அந்த அழுத்தத்திலை பச்சைத்தண்ணி கூட 118 டிகிரி அளவு மட்டும் கொதிக்காமல் நிக்கும், மூடி கழண்ட உடனை அழுத்தம் போய் அவ்வளவும் ஒரேயடியா ஆவியா முகத்துக்கு வரும். துவாய் போட்டுத் திறந்தனான் எண்டு சொல்லுறவையின்ர கையைப் பாத்தனான், துவாய் காக்கேல்லை.

கேள்வி (நல்லூர்): என்னட்டை ரொயோட்டா அக்குவா. எயர் எடுக்க எஞ்சினை ஓட விட்டா அது தானா நிண்டு போகுது, என்ன செய்யிறது?

பதில்: உது ஹைபிறிட், எஞ்சினும் கரண்ட் மோட்டரும் சேந்து ஓட்டுற கார், தேவையில்லாத நேரம் எஞ்சினை நிப்பாட்டிப் போடும். தொடர்ந்து ஓட விட மெயின்ரனன்ஸ் மோட் எண்டு ஒண்டு இருக்கு, அதிலை போட்டுத்தான் எயர் எடுக்கோணும். வோட்டர் பம்பும் பெல்ற்றிலை சுத்துறேல்லை, கரண்டிலை சுத்துறது. அதோடை பற்றறிக் கரண்டை மோட்டருக்கு மாத்திக் குடுக்கிற இன்வேட்டருக்குத் தனியா வேறை கூலன்ற் ஓட்டம், வேறை போத்தல், வேறை பம்ப், எஞ்சினுக்கு எயர் எடுத்தா அதுக்கும் எடுத்ததா வராது. இதை மட்டும் வீட்டிலை செய்யச் சொல்லி நான் சொல்ல மாட்டன், கொம்பியூட்டர் வச்சு ஹைபிறிட் பாக்கிற ஆளிட்டைக் குடுங்கோ. செம்மஞ்சள் வயருகளிலை கை வையாதேங்கோ, அதிலை போறது கூடின கரண்ட்.

கேள்வி (சாவகச்சேரி): எங்கட வெக்கைக்குத் தேர்மோஸ்ராற் தேவையில்லை, கழட்டினா எயர் லொக்கும் வராது எண்டு மெக்கானிக் சொல்லுறார்.

பதில்: கழட்ட விடாதேங்கோ. எஞ்சின் தன்ர சரியான சூட்டுக்கு வராமல் பெற்றோல் கூடுதலாக் குடிக்கும், உள்ளுக்கை தேய்வும் கூடும். சில எஞ்சினிலை தேர்மோஸ்ராற் இல்லாட்டித் தண்ணி றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியாலை சுத்தி, கூலா வைக்கப் போய் கொதிக்கத்தான் செய்யும். பழுதெண்டா புதுசு போடுங்கோ, போடேக்கை அதிலை ஆடுற சின்ன ஊசி ஒண்டு இருக்கும், அந்தப் பக்கம் மேலை வரோணும், காத்து கசியிறதுக்கு வச்ச ஓட்டை அதுதான். தலைகீழாப் போட்டா ஒரு நாள் முழுக்க எயர் எடுத்தாலும் முடியாது.

கேள்வி (ஊர்காவற்றுறை): கூலன்ற் விலை. கிணத்துத் தண்ணி விட்டா என்ன, எங்களுக்கென்ன பனியே கொட்டுது?

பதில்: பனிக்காக மட்டும் கூலன்ற் இல்லை அண்ணை. கொதிக்கிற அளவைக் கூட்டும், கறள் பிடிக்க விடாது. எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலின்ர அடியைப் பாருங்கோ, வெள்ளையாப் படிஞ்சிருக்கும், அதே படிவுதான் றேடியேற்றரின்ர மெல்லிய குழாயளையும் அடைக்கும். தீவுப்பக்கத்திலை அதோடை உப்பும் சேருது, உப்பு அலுமினியத்தைத் தின்னும். வழியில்லாமல் நடுறோட்டிலை நிண்டா விடுங்கோ, உயிர் தப்பினா வீட்டை வந்து கழுவலாம், ஆனா வழக்கமாக்காதேங்கோ. பற்றறிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணி கடையளிலை இருக்கு, கலக்காத கூலன்ற் எண்டா பாதிக்குப் பாதி அதோடை கலவுங்கோ. ரொயோட்டாவின்ர ரோஸ் நிறச் சுப்பர் லோங் லைப் ஏற்கனவே கலந்து வாறது, அதுக்குத் தண்ணி விடக்கூடாது. நிறத்தைப் பாத்து ஒண்டோடை ஒண்டைச் சேக்காதேங்கோ, ஒரே நிறத்திலை வேறை வேறை சாமான் வருகுது.

கேள்வி (சுன்னாகம்): மூண்டு தரம் எயர் எடுத்திட்டன், நாலு நாளிலை திரும்பக் காத்து வந்திடுது. எங்காலை வருகுது?

பதில்: முதல் றேடியேற்றர் மூடியைப் பாருங்கோ, மலிவான சாமான், ஆரும் கவனிக்கிறேல்லை. அதுக்குள்ளை ரெண்டு வால்வு, ஒண்டு அழுத்தம் கூடினா வெளியிலை விடுறது, மற்றது ஆறேக்கை றிசேவ் போத்தலிலை இருந்து திருப்பி இழுக்கிறது. இழுக்கிற வால்வு இறுகினா ஆறின பிறகு மேல் ஹோஸ் சப்பளிஞ்சு கிடக்கும், றப்பர் வெடிச்சிருந்தா கூலன்றுக்குப் பதிலாக் காத்தை இழுக்கும். றிசேவ் போத்தலுக்குப் போற மெல்லிய குழாய் வெடிச்சிருந்தாலும் இதே கதைதான். ஹோஸ் கிளிப், வோட்டர் பம்படி, ரெண்டிலையும் காய்ஞ்ச கூலன்ற் கறை இருக்குதோ எண்டு லைற் அடிச்சுப் பாருங்கோ.

இதெல்லாம் சரியெண்டா ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகப்படோணும், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ. ராத்திரி முழுக்க ஆறின எஞ்சினைக் காலமை ஸ்ராட் பண்ணின உடனையே, சூடாக முதல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, எஞ்சின் ஓடுற மட்டும் குமிழ் ஓயாமல் வந்தா, புகை வெள்ளையா இனிப்பு மணத்தோடை வந்தா, அது எரியிற அறையிலை இருந்து வாற வாயு, எத்தினை தரம் எடுத்தாலும் வந்துகொண்டுதான் இருக்கும். றேடியேற்றர் வாயிலை வச்சுப் பாக்கிற நீலத் தண்ணிச் சோதினை ஒண்டு இருக்கு, அந்த வாயு பட்டா நீலம் மஞ்சளா மாறும். ஹெட்டைக் கழட்ட முதல் அதைச் செய்யச் சொல்லுங்கோ.

இன்னொண்டு, நீங்கள் மூண்டு தரம் விட்ட பழைய கூலன்றை வளவிலை ஊத்தியிருந்தா இனி அப்பிடிச் செய்யாதேங்கோ. அது நஞ்சு, ஆனா இனிப்பு, நாயும் பூனையும் ஆடும் நக்கும், கொஞ்சம் உள்ளுக்கை போனாலே சிறுநீரகம் போய்ச் செத்திடும். சுண்ணாம்புக்கல்லு வெடிப்பாலை இறங்கினா கிணத்துக்குத்தான் போகும், கிணத்திலை கழிவு எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு சுன்னாகத்து ஆக்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு கானிலை விட்டு, மூடி இறுக்கி, மேலை "நஞ்சு" எண்டு எழுதி, பிள்ளையளுக்கு எட்டாத இடத்திலை வச்சு, கழிவு எடுக்கிற சேர்விஸ் ஸ்ரேசனிலை குடுங்கோ.